வேலிக்கு அந்தப் பக்கத்து மந்தை

“நீதானே போன் பண்ணினே?” என்றார் தையல்காரியின் கணவர். குரலை உயர்த்தவில்லை. ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தபடியே கேட்டார்.

பக்கத்து வீட்டு வாசலில் பிராணிகள் காப்பகத்தின் வண்டி நின்றது. தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் காப்பகத்தின் நம்பரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தது அவள்தான்.

“சத்தியமா நான் பண்ணலைங்க.”

“அப்ப நம்பரை எதுக்கு ஒட்டி வச்சே? அழகுக்கா?”

“ஒட்டித்தான் வச்சேன். பண்ண மனசு வரலை.”

அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. கொஞ்ச காலமாகச் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எடுக்கும் ஒரே பேச்சு வேலிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சுதான்.

வேலிக்கு இந்தப் பக்கம் அவளுடைய ஆடுகள் இரண்டு, வாலுவும் பாப்பாவும். இரண்டுக்கும் வேளை தவறாமல் தழை, நல்ல தண்ணீர். பழைய கத்தரிக்கோலைத் தீட்டி வைத்துக்கொண்டு அவளே குளம்பு வெட்டிவிடுவாள். தைத்து மிஞ்சிய துணியில் குளிருக்குச் சட்டையும் உண்டு. “எனக்கு என்னிக்காவது இப்படி அளவெடுத்துத் தச்சிருக்கியா?” என்று கணவர் கேட்பார்.

அந்தப் பக்கம் ஒரு மந்தையே கிடந்தது, கேட்பாரில்லாமல். வெட்டாத குளம்புகள் வளர்ந்து வளைந்து, நிற்க முடியாத ஆடுகள் முன்னங்காலை மடக்கி முட்டி போட்டுத்தான் மேய்ந்தன. தண்ணீர்த் தொட்டியில் பாசி. பட்டிக்குக் கதவு இருந்தும் யாரும் சாத்துவதில்லை. முள்ளிலும் புதரிலும் கண்ட இடத்தில் படுத்துக் கிடக்கும்.

வேலிக்கு மேலாக அவள் தழையை வீசுவாள். எட்டினவை தின்னும். எட்டாதவற்றைப் பார்க்காமல் திரும்பி வந்துவிடுவாள். ஆரம்பத்தில் அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது. இப்போதெல்லாம் ஒன்றும் வருவதில்லை, மரத்துப் போய்விட்டது.

போன் பண்ண மனசு வராததற்குக் காரணம் வாலுவும் பாப்பாவும்தான். இரண்டும் அந்த மந்தையில் பிறந்தவை. தாய் ஆடு செத்துப்போக, அந்த வீட்டு அண்ணி புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்க வைத்த குட்டிகள்.

அண்ணி இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு, அந்த வீட்டு அண்ணன் ஒரு நாள் குட்டிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “நீ வச்சுக்கம்மா. எங்கிட்ட இருந்தா வீணாப் போயிடும்” என்றார். அதன் பிறகு அவர் யாரோடும் பேசியதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். கூப்பிட்டது யார் என்பது மனதில் பதிந்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட மனிதரைக் காட்டிக் கொடுத்தவள் என்ற பேர் தனக்கா? அவளால் அதைத் தாங்க முடியவில்லை. காலில் செருப்புகூட மாட்டாமல் ஓடினாள்.

அவள் போவதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. ஆடுகள் எல்லாம் பட்டிக்குள்ளேயே அடைந்து கிடந்ததால் விரட்டிப் பிடிக்கும் வேலை இல்லை. காப்பகத்து ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். எதுவும் திமிறவில்லை. திமிறத் தெம்பும் இல்லை.

அண்ணன் படியில் நின்றுகொண்டிருந்தார். யார் வீட்டு ஆடோ போகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் இல்லண்ணே. என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் சொல்லலை.”

அவர் அவளைப் பார்த்தார். “வாலு நல்லா இருக்காளா?” என்று கேட்டார்.

“இருக்காண்ணே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

“ம்” என்றார். மறுபடியும் வண்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியருகே நின்ற காப்பகத்து அதிகாரியம்மாவிடம் போனாள்.

“மேடம், ஒரு உதவி செய்யணும். போன் பண்ணது யாருன்னு சொல்லுங்க.”

“அதெல்லாம் வெளிய சொல்றதில்லம்மா.”

“எங்கிட்ட சொல்ல வேணாம். அவர்கிட்ட சொல்லுங்க, போதும். நான்தான் பண்ணேன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. பக்கத்துல பக்கத்துல இருக்கோம். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அவரைப் பார்ப்பேன்?”

கடைசி ஆடும் ஏறியது. அண்ணன் படியிலிருந்து இறங்கி வந்தார். காலியான பட்டியின் கதவைச் சாத்தி, கயிற்றைச் சுற்றி நிதானமாக முடிச்சுப் போட்டார்.

அதிகாரியம்மா அவரையே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“அவர்கிட்ட என்னத்தம்மா சொல்றது? போன் பண்ணதே அவர்தான்.”