பெத்தவ எங்கே?

“பெத்தவ எங்கே?” மறுபடியும் கேட்டாள் நர்ஸ் தூயெத்.

“வந்துடுவா அக்கா.” கதவருகே நின்ற மியென் முணுமுணுத்தாள். “நான் பையனோட அத்தை.”

“அத்தை... அத்தை...” உள்ளே கட்டிலில் இரண்டு வயதுப் பையன் முனகிக்கொண்டிருந்தான். படகுத்துறைப் படியில் விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கட்டி, போன வாரம்தான் அப்பா கையெழுத்துப் போட்டு அவசரமாக ஆபரேஷன் நடந்தது. தேறி வந்தவனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், வாந்தி. தையல் போட்ட இடமெல்லாம் வீக்கம்.

தூயெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நடந்தும் அந்த மகராசி ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

“அப்படி என்ன தங்கச்சி அவளுக்கு வேலை? சந்தையில மீன் விக்கிறான்னு சொன்னியே, அதை விட்டு வர மனசு வரலையாமா?”

“அவ அப்படித்தான் அக்கா. மோசமானவ.”

“தங்கம் மாதிரிப் பிள்ளையைப் பெத்துட்டு...”

“ஐயையோ, தங்கமா?” மியென் பதறினாள். திறந்திருந்த ஜன்னல் பக்கம் திரும்பி, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள்: “அசிங்கம் பிடிச்ச பய! யாருக்கும் வேண்டாதவன்!”

இப்படியும் ஒரு அத்தையா? தூயெத் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் வேகமாக வந்தார். “உள்ளே சீழ் வெச்சிருக்கு. இப்பவே மறுபடி திறந்தாகணும், தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து. அப்பா எங்கே?”

“படகுல போயிருக்கார். நடுக்கடல்ல போன் கிடைக்காது.”

“அப்போ அம்மா கையெழுத்துப் போடணும். அத்தை, சித்தி எல்லாம் போட முடியாது.” எரிச்சலோடு சொல்லிவிட்டு ஆபரேஷன் அறைக்குள் போனார்.

மியென் ஓடிப்போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். திரும்பி வந்து, மேஜையில் இருந்த சம்மதத் தாளில் விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டாள்.

“ஏய், உன் கையெழுத்து எதுக்கு?” தூயெத் கத்தினாள். “விளையாடுறியா? பெத்தவ போடணும்னு சொன்னது காதுல விழலையா?”

மியென் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். கண்ணில் நீர் கொட்ட, காதருகே கிசுகிசுத்தாள்.

“மெதுவாப் பேசுங்கக்கா. என்னை அம்மான்னு கூப்பிட்ட ரெண்டு பிள்ளையையும் அந்தப் பேய் கொண்டுபோயிடுச்சு... இவனைப் பெத்ததும் நான்தான்னு அதுக்குத் தெரியக் கூடாது.”