ஓவென்று அழுகிறாள்

“அழுவுறா, சரி. எப்படி அழுவுறா?” என்று கேட்டார் டைரக்டர் கியாசுதீன்.

திருவேங்கடம் கையிலிருந்த தாளைப் பார்த்தான். நாற்பத்திரண்டாவது ஸீன். பம்பாய்க்கு வேலைக்குப் போன புருஷன் செத்துவிட்டதாகத் தந்தி வருகிறது. அடுத்த வரியில், ‘மரகதம் ஓவென்று அழுகிறாள்’ என்று எழுதியிருந்தான்.

மகாபலிபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு லாட்ஜில் டிஸ்கஷன் நடந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டு ரைஸ் மில் குமாஸ்தா ஒருவனுக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம். முதல் திரைக்கதை. மூன்று வருஷமாக எழுதி எழுதிக் கிழித்தது. கதை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவனுடைய பாத்திரங்கள் அழுதால் அவனுக்கே தொண்டை அடைக்காது. அது அவனுக்கும் தெரியும்.

“எல்லாப் படத்துலயும் இப்படித்தான் அழுவுறாங்க. நிஜத்துல எவளும் அழ மாட்டா. உன் சம்சாரம் அழுது நீ பார்த்ததில்லையா?”

“இல்ல சார். நாலு போட்டாக்கூட அழ மாட்டா. எட்டு வருசமா பாக்கறேன்.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். திருவேங்கடமும் சேர்ந்து சிரித்தான்.

புதன்கிழமைக்குள் அந்த ஒரு ஸீனைச் சரிசெய்து கொண்டுவந்தால் கதை ஓகே, டைட்டிலில் பெயர் வரும் என்றார் டைரக்டர். இல்லையென்றால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வாராம். அன்று திங்கட்கிழமை.

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தவனுக்கு விடியும்போது யோசனை உதித்தது. வீட்டுக்கு ஒரு தந்தி கொடுத்தால் என்ன? பொய்யாகச் சாவுச் சேதி அனுப்ப அவன் அவ்வளவு கெட்டவன் இல்லை. நல்ல சேதிதான். ஆனால் தந்தி இங்கிலீஷில் வரும். மனைவி சம்பூர்ணத்துக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். தந்தி என்றாலே சாவு என்றிருக்கிற ஊர். வெளியூரில் இருப்பதோ அவன் ஒருத்தன். யாராவது படித்துச் சொல்கிற வரைக்கும் அவள் முகத்தைப் பார்த்தால் போதும், ஸீன் கிடைத்துவிடும்.

போஸ்டாபீஸ் திறந்ததும் தந்தியைக் கொடுத்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகிற பஸ்ஸைப் பிடித்தான்.

வீட்டுக்கு நேர் எதிரே காஜா மொய்தீனின் தையல் கடை. பின்வாசல் வழியாக அதற்குள் நுழைந்து, தொங்கும் சட்டைகளுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் காஜா மொய்தீன் மெஷினை நிறுத்திவிட்டார்.

“இது நல்லா இல்ல அண்ணாத்த. பொம்பள மனசு இன்னா பாடுபடும்?”

“ரெண்டு நிமிசம்தான் பாய். நா ஜாடை காட்டறேன். நீங்க போயி படிச்சுச் சொல்லிடுங்க.”

மூன்று மணிக்குத் தந்திக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். சம்பூர்ணம் கைரேகை வைத்துத் தந்தியை வாங்கினாள். திருவேங்கடம் நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தான்.

அவர் அந்தப் பக்கம் போனதுமே பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். என்ன, ஏது என்று கேட்கவே இல்லை. எடுத்த எடுப்பில் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள்.

சம்பூர்ணம் அழவில்லை. தந்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் தோள்கள் மெல்ல இறங்கின. கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, நின்றபடியே முழுவதையும் குடித்தாள். அக்னி நட்சத்திர வெயிலிலும் முழங்கைக்குக் கீழே வரை தொங்கும் ரவிக்கைதான் அவள் போடுவாள். இப்போது அதன் இரண்டு கையையும் பழைய தழும்புகள் தெரியத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு, கன்னியம்மாவின் முதுகை அவளே தடவிக்கொடுத்தாள்.

திருவேங்கடத்துக்கு உடம்பு சிலிர்த்தது. ‘அழக்கூடத் தோன்றாத அதிர்ச்சி. துக்கத்தில் உடம்பு புழுங்குகிறது. அடுத்தவளுக்கு ஆறுதல் சொல்கிறாள்’ என்று வேகவேகமாகக் குறித்தான். டைரக்டர் சொன்னது எவ்வளவு சரி. எந்தப் படத்திலும் இப்படி ஒருத்தி துக்கப்பட்டதில்லை. தன்னால் எழுத முடியும் என்று அவன் முதல் தடவையாக நம்பினான். அவள் மேல் பாசம்கூடப் பொங்கியது. போதும் என்று கையைக் காட்டினான்.

காஜா மொய்தீன் ஓட்டமாகத் தெருவைக் கடந்து போய்த் தந்தியை வாங்கிப் படித்தார்.

“கெட்ட சேதி இல்லம்மா. அவரு கதை ஓகே ஆயிடுச்சாம். நாளைக்கு வூட்டுக்கு வராராம்.”

கன்னியம்மா பாதி ஒப்பாரியில் நின்று மூக்கைச் சிந்தினாள். சந்தோஷம் வந்தால் முகம் எப்படி மாறும் என்பதையும் எழுதிவிடலாம் என்று திருவேங்கடம் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

சம்பூர்ணம் சுருட்டிய ரவிக்கைக் கைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டாள்.

“உசுரோட கீறாரா?”

“கீறார்மா. ஒண்ணும் ஆவல.”

அவள் வாசற்படியிலேயே சரிந்தாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி, அந்த நாற்பத்திரண்டாவது ஸீனில் எழுதியிருந்த மாதிரியே, ஓவென்று அழுதாள்.