யாரோட கை

"கையை நல்லா அமுக்குக்கா, தட்டுல பதியட்டும்" என்று கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைத் தட்டை நீட்டினாள் சுடர்விழி.

வார்டைக் கூட்டித் துடைக்கும் அஞ்சலாட்சி தயங்கினாள். "சோப்பு போட்டுத்தாம்மா கழுவறேன்."

"கழுவியிருந்தா எங்கப்பா ஏன் செத்திருப்பாரு?"

சுடர்விழி அதே ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் வேலை செய்பவள். தான் வேலை பார்த்த மில் மூடிய பிறகும் முதலியார்பேட்டையில் மூட்டை தூக்கி அவளைப் படிக்க வைத்தவர் அப்பா. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் கழுத்தில் சொருகிய குழாயில் ஈஸ்ட் கிருமி ஒட்டி, பாசி மாதிரிப் படர்ந்து, ரத்தத்தில் இறங்கி அவரைக் கொண்டுபோய்விட்டது. நல்ல உடம்பை அது ஒன்றும் செய்யாது. ஓய்ந்த உடம்பு கிடைத்தால் விடாது. யாரோ தொட்ட கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அஞ்சலாட்சியோடு சேர்த்து, அப்பா இருந்த வார்டில் வேலை செய்யும் ஐந்து பேர் கையையும் பதித்துக்கொண்டாள்.

"அஞ்சலாட்சியாத்தான் இருக்கும். படிவத்துல பேரை எழுதிக் குடு, வேலையை விட்டு நிறுத்திடலாம்" என்றார் மேற்பார்வையாளர் நெடுமாறன்.

"ரிசல்ட் வரட்டும் சார். நானே எழுதறேன்."

நான்காம் நாள் முடிவு வந்தது. ஐந்து தட்டிலும் அந்தக் கிருமி இல்லை. ஆறாவது தட்டில் இருந்தது. சுத்தமான கை எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுக் காட்ட, அவள் தன் கையைப் பதித்து வைத்த தட்டு. பகலெல்லாம் கையுறைக்குள் வேர்த்து ஊறிய கை. தினமும் சாயங்காலம் ஓடிப்போய் அப்பாவின் குழாயைச் சரிசெய்த கை.

அஞ்சலாட்சி கதவோரம் வந்து நின்றாள். "என் கை இல்லியேம்மா?"

"இல்லக்கா."

"அப்பாடா! பாவி, அது எவ கைம்மா?"

சுடர்விழி பேனாவைத் திறந்து, படிவத்தில் தன் பேரை எழுத ஆரம்பித்தாள்.