ஒரு துளி இருட்டு

"கண் டாக்டர்கிட்ட போகலாம்னு சொன்னா ஏன் மழுப்பறீங்க?"

"போகலாம். நீயும் வா, ரெண்டு பேருமே காட்டிக்கலாம்" என்றார் கணவர், வேலைச் சட்டையின் பொத்தானைக் கழற்றியபடி.

பேச்சை எப்படித் திருப்புகிறார் பாருங்கள்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் தூக்கி இறக்கும் இரும்புப் பெட்டிகளுக்குக் கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள். கண் கொஞ்சம் பிசகினாலும் யாரோ ஒருவர் வீட்டில் விளக்கு அணைந்துவிடும்.

"நேத்து டம்ளரை நீட்டினேன், பிடிக்காம கீழே விட்டீங்க. முந்தாநாள் ஹால்ல என் மேலயே வந்து மோதினீங்க. வீடு பூரா பளிச்சு பளிச்சுன்னு புது பல்பு வேற மாட்டியிருக்கீங்க. எல்லாம் யாருக்காக? நான் ஸ்கூல் வேன் ஓட்டறவ. கண்ணோட அருமை எனக்குத் தெரியாதா?"

அவர் கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டப் போனார். மனசில் குற்றம் இருந்தால் முகம் பார்த்து எப்படிப் பேச வரும்?

அவள் ஒரு முடிவோடுதான் இருந்தாள். ஜன்னலோர மேஜையில் அவளுடைய மைக்ராஸ்கோப் தயாராக இருந்தது. குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்களைப் பார்ப்பது அவளுடைய நெடுநாள் பைத்தியம். தண்ணீர்த் துளிக்குக் கீழே ஒளியை வடிகட்டும் தகடு ஒன்று, மேலே ஒன்று. மேல் தகட்டைத் திருப்பினால் வெறும் தண்ணீர் மை இருட்டாகிவிடும். உயிர் ஏதாவது இருந்தால் அதன் தசை மட்டும் வண்ண வண்ணமாக மின்னும். ஆனால் சில வாரங்களாக அந்தக் குளம் அவளைக் கைவிட்டுவிட்டது. எந்தத் துளியிலும் ஒன்றும் அகப்படவில்லை.

இன்றைக்கு அதுவே வசதியாகப் போயிற்று. கண்ணாடித் துண்டை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்து, துளி காலி என்று உறுதி செய்துகொண்டு, தகட்டைத் திருப்பி வைத்திருந்தாள். கண் நன்றாக இருப்பவர் இருட்டு என்று நேராகச் சொல்வார்; தெரியாததை மறைப்பவர்தான் எதையாவது அளந்துவிடுவார். கல்லூரியிலிருந்து வந்த மகளிடமும் விஷயத்தைக் காதோடு சொல்லியாயிற்று.

"வாங்க. இதுல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

அவர் குனிந்தார். ஒரே இருட்டு என்று சொல்லிவிடு மனுஷா, என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அட! வால் ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. காலெல்லாம் நீலமும் மஞ்சளுமா மின்னுது. துடுப்புப் போடற மாதிரி ஒரு தாவு தாவுது, நிக்குது, மறுபடி தாவுது."

எப்போதோ அவள் காட்டியதை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்!

"பொய்! உள்ளே ஒண்ணுமே கிடையாது. வேலை போயிடும்னு கட்டின பொண்டாட்டிகிட்டயே நடிக்கறீங்களே! உங்க சூப்பர்வைசருக்கு நானே போன் பண்றேன். நாளைக்கு உங்களை கிரேன்ல ஏத்தவே கூடாது."

"பண்ணு. அதுக்கு முன்னாடி இவளையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லு" என்றார் அவர், நிதானமாக.

"பாருடி! உங்கப்பா லட்சணத்தை நீயே பாரு."

மகள் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"என்னடி, இருட்டுதானே?"

"அம்மா..." மகளின் குரல் உடைந்தது. "அப்பா சொன்னது அப்படியே இருக்கும்மா. நீலம், மஞ்சள், எல்லாம். இப்பக்கூடத் தாவுது."

அவர் அவள் பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"வேன் சாவியைக் கொடுத்துடும்மா."

சாவி மேஜை மேல் அவளுக்கு எதிரிலேயே கிடந்தது. அவள் கை அதைத் தேடித் துழாவியது.