திரும்பி வந்தவர்களுக்குப் பால்

கிழக்காசியக் கோப்பைக்குப் போன மங்கோலியக் கால்பந்து அணி, எப்போதும்போல வலை நிறைய கோல் வாங்கிக்கொண்டு தலைநகர் உலான்பாதர் திரும்பியிருக்கிறது. மைதான வாசலில் பனிமேல் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. கோல்கீப்பர் கான்சுக் தலை நிமிராமல் பேருந்திலிருந்து ஒரு காலைக் கீழே வைக்கிறான். அணியின் உடைகளைத் துவைக்கும் நன்சல்மா, மரக்கரண்டியால் பாலை அள்ளி வானத்தை நோக்கி வீசுகிறாள். துளிகள் மின்னி, அவனுடைய கிழிந்த கையுறையில் விழுகின்றன. “என்னக்கா இது? ஊருக்குக் கிளம்புறவங்களுக்குத்தானே பால் தெளிப்பாங்க? நாங்க தோத்துல்ல வந்திருக்கோம்!” என்கிறான். நன்சல்மா அடுத்த கரண்டியை அள்ளுகிறாள். “இத்தனை வருஷமா தோத்தும் ஒருத்தனும் பூட்ஸைக் கழட்டிப் போடலையே. அடுத்த கோப்பைக்குத்தான்டா கிளம்புறீங்க.” கீழே வைத்த காலைத் தூக்கி, கான்சுக் மறுபடி பேருந்துப் படிமேல் வைக்கிறான்.