அறுபத்தொன்றாம் எண்

"ஊரான் வீட்டு வெயில எண்ணிக்கிட்டு இருக்கறதுல அப்படி என்ன பெருமை?" என்பார் என் கணவர். பெருமைதான். மடிக்கணினியில் விரல் நீள ரேடியோ ரிசீவரைச் செருகினால் போதும், எங்கள் குடியிருப்பில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் ஒன்பது கம்பியில்லாக் கருவிகளும் நிமிடத்துக்கொரு முறை என்னிடம் பேசும். ஒவ்வொன்றும் தன் அடையாள எண்ணோடு பேசும். அவற்றில் எட்டு, வெயிலோடு ஏறி இறங்கும். யாருடையது என்றே தெரியாத அறுபத்தொன்றாம் எண் மட்டும் இரண்டு வாரமாக 37.6 டிகிரியிலேயே நின்றது.

ஒரு மதியம் மின்சாரம் போனது. அறுபத்தொன்று 36 ஆனது, பிறகு 35. மடிக்கணினியை ஏந்திக்கொண்டு படியேறினேன். மூன்றாம் மாடியில், சிக்னல் வலுத்த கதவைத் தட்டினேன். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த செல்வின் திறந்தார்.

"உங்க வீட்டுல ஏதோ ஆறிக்கிட்டே இருக்கு," என்றேன்.

அவர் உள்ளே ஓடினார். தெர்மாகோல் பெட்டியில், அணைந்த பல்புக்குக் கீழே, குஞ்சு பொரிக்க வைத்த பன்னிரண்டு கோழி முட்டைகள்; ஓரத்தில் அறுபத்தொன்று. வெந்நீர் வைத்து பாட்டில்களில் ஊற்றி நானே உள்ளே அடுக்கினேன்.

"எப்படிங்க தெரிஞ்சுது?"

திரையைக் காட்டினேன்: 37.1.

இன்று காலை, செல்வின் வேலையிலிருந்து திரும்பும் முன்பே, அறுபத்தொன்றின் ஈரப்பதம் 58-லிருந்து 79-க்குத் தாவியது. மூடிய பெட்டிக்குள் நனைந்த உடம்போடு யாரோ வந்திருக்கிறார்கள். அலுவலகத்திலிருந்த கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, பொறந்தாச்சு!"

"யாருக்கு?" என்று பதறினார்.

"நம்ம அறுபத்தொண்ணுக்கு."