சம்பந்தி கடை கிளட்ச்

"இந்தாங்க சம்பந்தி, உங்க சரக்கோட லட்சணத்தை நீங்களே வந்து மிதிச்சுப் பாருங்க" என்றபடி மெக்கானிக் கார் சாவியைக் கண்ணாடி மேசைமீது தொப்பென்று போட்டார்.

உதிரிபாகக் கடைக்காரர் கையிலிருந்த டீ தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடமாயிற்றே, நாலு பேர் முன்னால் சத்தம் போடக்கூடாது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் மெக்கானிக் வந்திருந்தார். கடைப்படி ஏறியதும் அதெல்லாம் காற்றில் போயிற்று.

கோபம் வராமல் என்ன செய்யும்? வண்டி பல் டாக்டரம்மாவுடையது. சின்னச் சிவப்புக் கார். இன்ஜினுக்குச் சக்தி கூட்டி வைத்திருந்தார். அந்த வேகத்துக்குப் பழைய கிளட்ச் ஈடு கொடுக்காமல் வழுக்கியது. வாரநாளில் சிக்னல் சிக்னலாக நின்று கிளினிக் போகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் பறக்கவேண்டும், இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி மாற்றிக் கொடுங்கள் என்று அந்தம்மா நம்பி விட்டுப் போயிருந்தார்.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் விஷயத்தில் தகராறே இல்லை. பந்தய வண்டிக்கு வைக்கிற கல் மாதிரியான ஸ்பிரிங்கைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். இதை மாட்டினால் டாக்டரம்மா முதல் பள்ளத்திலேயே தன் இடுப்புக்கு வேறு டாக்டரைத் தேட வேண்டியதுதான் என்று மெக்கானிக் சிரித்துத் தள்ளிவிட்டார். பழையதைவிடக் கொஞ்சம் இறுக்கமான ஸ்பிரிங்கும், வேண்டிய அளவுக்குத் திருகி வைத்துக்கொள்கிற ஷாக் அப்சார்பருமாகத் தானே பொறுக்கினார். வளைவில் வண்டி சாய்வது நின்றுபோனது.

கிளட்ச்தான் மானத்தை வாங்கியது. பிடி அதிகம், பெடல் லேசு என்று சம்பந்தி சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக் கொடுத்ததை மாட்டிப் பார்த்தால், பெடல் இரும்பாகக் கனத்தது. திருப்பிக் கொடுத்து வேறு கம்பெனி வாங்கினார். அதுவும் அப்படியேதான். இருப்பதிலேயே உசத்தி என்று மூன்றாவதாக ஒன்று வந்தது. இன்று காலை அதை மிதித்த கையோடுதான் நேராக இங்கே வந்திருக்கிறார்.

தனக்குத் திருப்தியில்லாமல் எந்த வண்டியின் சாவியையும் அவர் கைமாற்றியதில்லை. கிளட்ச் வேலை என்றால் ஊரே அவரைத் தேடி வருவது அதற்காகத்தான். டாக்டரம்மாவோ தினமும் போன் செய்து, இன்னும் ஆகவில்லையா என்கிறார். ஆயுசு முழுக்கச் சம்பாதித்த பேரை இந்த மனுஷர் போலிச் சரக்கைத் தள்ளிக் கெடுக்கப் பார்க்கிறாரே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

கடைக்காரர் நிதானமாகவே கேட்டார். பெடலை மிதித்தால் எண்ணெய் தள்ளுகிற சிலிண்டரைப் பார்த்தாயிற்றா, குழாயில் அடைப்பு ஏதாவது இருக்குமா என்றார். மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. சிலிண்டர் புதுசு, குழாய் புதுசு, எண்ணெய் புதுசு. யாருக்கு யார் பாடம் எடுப்பது என்று எகிறினார். பெடல் கனத்தை அளக்கிற மீட்டர் கடையில் இருக்கிறது, வைத்துப் பார்த்துவிடலாமே என்று கடைக்காரர் இழுத்தார்.

"மீட்டரா? இத்தனை வருஷமா என் காலுதான் மீட்டர். அது என்னைக்கும் பொய் சொன்னதில்ல."

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். கடைக்காரர் சிவப்புக் காரில் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்தார். பிறகு தயங்கித் தயங்கித் தலையை நீட்டினார்.

"லேசாத்தானே சம்பந்தி இருக்கு."

மெக்கானிக்கின் காது மடல் சிவந்துவிட்டது. மூஞ்சிக்கு நேராக, வாய் கூசாமல் ஒரு மனுஷன் இப்படியா புளுகுவான்? வித்த வாய் வேறு எப்படிப் பேசும் என்று கத்தினார். கடைக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சம்பந்தி ஆச்சே, கேக்கமாட்டான்னுதானே என் தலையில மிளகாய் அரைக்கிறீங்க? இனிமே உங்க கடைக்கும் வரல, வீட்டுக்கும் வரல. பொண்ணைப் பாக்கணும்னா அவளை என் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாத்துக்கிறேன்."

கடைக்காரரின் முகம் செத்துப்போயிற்று.

"அந்தப் புள்ளைய எதுக்கு இதுல இழுக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, காரிலிருந்து இறங்கி உள்ளே போனார்.

போகட்டும், உறவாவது ஒன்றாவது என்று முணுமுணுத்தபடி மெக்கானிக் காரை எடுக்கப் போனார். பின்னால் சரக்கு வேன் ஒன்று வழியை மறித்து நின்றது. அதன் டிரைவர் எங்கே போய்த் தொலைந்தானோ, சாவி மட்டும் வேனிலேயே தொங்கியது. யாரிடமும் கேட்கிற பொறுமை இல்லை. தானே நகர்த்திவிடலாம் என்று ஏறி உட்கார்ந்தார். அவருக்குப் பழக்கமான வண்டிதான். போன மாதம் அதற்குக் கிளட்ச் மாற்றியவரே அவர்தான். குழந்தை கையால் அமுக்கினாலும் இறங்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

கிளட்ச்சை மிதித்தார். இரும்பாகக் கனத்தது.

ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தார். பாதிக்கு மேல் இறங்கவில்லை. தொடை நடுங்கியது. பிறகு, யாராவது பார்க்கிறார்களா என்று இருபக்கமும் பார்த்துவிட்டு, இடது காலை எடுத்து ஓரமாக வைத்தார். வலது காலைத் தூக்கி அதே பெடலில் வைத்து மெல்ல அழுத்தினார்.

பஞ்சு மாதிரி இறங்கியது.